துண்டை இழுக்காத நாள்

காஞ்சிபுரத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கிடங்கில் டிரம் உருட்டும் வேலைக்கு நான் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கிருஷ்ணாயிலுக்கு ஊரே அலைந்த காலம். லாரியில் வரும் டிரம்களிலிருந்து வழியிலேயே கொஞ்சம் உறிஞ்சிவிடுவார்கள். முத்திரை மட்டும் எப்படியோ அப்படியே இருக்கும். நாங்கள் முத்திரையை உடைத்துவிட்டால் குறை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் இறக்கும்போதே தட்டிப் பார்ப்பதற்கென்று ஒருவர் இருந்தார். முசரவாக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

மேல்விளிம்பிலிருந்து ஸ்பேனரால் தட்டிக்கொண்டே இறங்குவார். காற்று நிற்கிற இடம் கணீரென்று ஒலிக்கும். எண்ணெய் தொடங்கும் இடத்தில் சத்தம் செத்துவிடும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. விரற்கடை பிசகாது. உருட்டுகிற எங்களுக்கு இடுப்பு ஒடியும்; அவருக்கு அந்த ஸ்பேனர் போதும். அந்தப் பொறாமை எனக்கு முதல் நாளிலிருந்தே உண்டு.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காதில் சீழ் பிடித்து மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்.

“ரெண்டு காதும் போச்சுப்பா. வூட்ல கூட சொல்லல. மூணு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு இன்னா பண்ணுவேன்? நீதான் காப்பாத்தணும்.”

தலையாட்டினேன். அதிலிருந்து அவர் தட்டும்போது எதிரே நின்றுகொள்வேன். சத்தம் மாறியதும் என் தோள் துண்டை இழுத்துவிடுவேன். அவர் கோடு போடுவார். ஏழெட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் ஓடியது. அதற்குள் என் காது பழகிவிட்டது. நானே தட்டலாமே என்று தோன்றியது. ஒருநாள் முதலாளியிடம் போய், “அண்ணனுக்குக் காது மந்தமா கீதுபோலங்க” என்றேன்.

மறுநாள் காலை முதலாளி முற்றத்தில் ஒரு டிரம்மை நிறுத்தச் சொன்னார். எண்ணெய் வாங்கக் கேனோடு வரிசையில் நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் தட்டத் தொடங்கினார். கண் என் துண்டின்மேல். நாலு விரற்கடையிலேயே சத்தம் மாறிவிட்டது. நான் அசையவில்லை. தட்டிக்கொண்டே பாதிக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து அடிவரைக்கும் தட்டினார். எழுந்து மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தார்.

“இன்னாய்யா, டிரம்மத் தட்டித் தூங்க வைக்கறியா?” என்றார் முதலாளி.

வரிசையே சிரித்தது. அவருக்கு அது கேட்கவில்லை. வாய்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கடைசியில் குத்துமதிப்பாகப் பாதியில் ஒரு கோடு போட்டார். முதலாளி முத்திரையை உடைத்து அளவுகோலை விட்டுக் காட்டினார். ஏறக்குறைய கழுத்துவரை எண்ணெய்.

ஸ்பேனரை என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, கிடங்கின் முன்பக்கத்தில் ரேஷன் கார்டுக்கு எண்ணெய் ஊற்றும் வரிசையில் வந்து நின்றார். தன் குரல் தனக்கே கேட்காததால், “ரெண்டு லிட்டர்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். லாரி வராதபோது ஊற்றுவதும் என் வேலை; நானும் சிரித்தேன். அவர் என் வாயையே பார்த்தார்.

அதற்கப்புறம் அவருடைய மூத்த மகள்தான் வந்தாள். கேனைக் கீழே வைத்துவிட்டு, நான் ஊற்றி முடிக்கும்வரை தெருவைப் பார்த்தபடி நிற்பாள்.