தூரிகைக் குறியின் நுனி

கணினியில் ஓவியம் தீட்டும் மென்பொருளுக்குச் சுட்டிக்குறி வடிவமைப்பது என் வேலையாக இருந்தது. மவுஸை நகர்த்தினால் திரையில் நகர்கிற சின்னத் தூரிகையும் பென்சிலும் நான் வரைந்தவை. அந்தப் படத்தின் எந்தப் புள்ளியிலிருந்து நிறம் விழ வேண்டும் என்பதையும் நானே குறிப்பேன்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் சிலைகளுக்கு வரைபடம் போடுகிறவர் அந்த மென்பொருளைப் பயன்படுத்தினார். தூரிகை நுனியை வைக்கிற இடத்தில் கோடு விழவில்லை என்று ஒருநாள் ஃபோன் செய்தார். "வயசாயிடுச்சு இல்லையா, கை நடுங்கும்" என்றேன். மறுவாரம் சோதித்தபோதுதான் நிறம் விழும் புள்ளியை நான் நுனிக்கு வெளியே குறித்திருந்தது தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் அடுத்த பதிப்பில் திருத்திவிட்டேன். அதற்குள் அவர் வரைவதையே நிறுத்தியிருந்தார்.

ஆறு வருடம் கழித்து, நேரில் சொல்லியே தீருவது என்று போன மாதம் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. இறங்கவில்லை.

அவர் ஒரு சிலைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தன் கையை நீட்டிப் பார்த்தார்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? கை நடுங்கும்னு அன்னிக்கு ஃபோன்ல நீங்க சொன்னத அப்டியே சம்சாரத்துகிட்ட சொல்லிட்டேன். அன்னிலேருந்து பேரப்புள்ளைங்கள தூக்கவே வுடமாட்டேன்றா. வூட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லுங்க."

அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.