புரட்டாசியில் ஒரு சண்டை மீன்

என் அப்பா தம்பிராஜா, மலாக்காவுக்கும் செங்குக்கும் ஓடிய பேருந்தில் கண்டக்டர். யார் எங்கே இறங்குவார் என்று கேட்காமலே மணி அடிப்பவர். வீட்டுக்கு வந்தால் மட்டும் எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்றுகூடக் குழம்புவார். இது அம்மா கமலவேணியின் வாக்குமூலம். நான் பாதிதான் நம்புகிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வாரம், காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரான, வீட்டிலும் மலாயே பேசும் மலாக்கா செட்டி தேவதாஸ், அப்பாவுக்கு ஒரு சண்டை மீன் கொடுத்தார். கட்டைவிரல் நீளம், நீலமும் சிவப்புமாக. அப்பா அதை மிட்டாய் போத்தலில் விட்டுச் சன்னலோரம் வைத்தார். காலையும் மாலையும் தொட்டியிலிருந்து நாலைந்து கொசுப்புழு பிடித்துப் போடுவார். கண்ணாடியைக் காட்டினால் அது செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். தானே ஜெயித்த மாதிரி அப்பா சிரிப்பாராம்.

பிறகு புரட்டாசி பிறந்தது. அதற்கு முன் அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவதாக நான், ஐந்து மாதம். மாதம் முழுக்கச் சைவம் என்பது ஊரே செய்வது. அப்பா ஒரு படி மேலே போய்விட்டார். பெருமாள் படத்துக்கு முன் நின்று, "என் வீட்டுல ஒரு உசுரும் போகாமப் பாத்துக்கறேன், இந்த உசுர மட்டும் காப்பாத்திக் குடு சாமி" என்று வேண்டிக்கொண்டார். வேண்டிவிட்டுத் திரும்பினால் எதிரே மீன்.

கொசுப்புழுவும் உயிர்தானே. அதனால் மீனும் சைவத்துக்கு மாறியது. படையல் சோற்றில் நாலு பருக்கையை அப்பா போத்தலுக்குள் போட்டார். மீன் வாயில் வாங்கித் துப்பியது. மறுநாளும் துப்பியது. ஒரு வாரத்தில் துடுப்பு சுருங்கி, நிறம் வெளுத்து, அடியில் சாய்ந்து கிடந்தது.

அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. புழுவைப் போட்டால் புழுவின் உயிர் போகும். போடாவிட்டால் மீனின் உயிர் போகும். எது போனாலும் வேண்டுதல் போச்சு. வேண்டுதல் போனால் நான்.

எட்டிப் பார்த்த தேவதாஸ், "சியான், பெரோட் கோசோங்" என்றார். பாவம், வயிறு காலி என்று அர்த்தம். அப்பாவுக்கு அது தெரியாமலா? வேறு வழி கிடைக்காதா என்று பேருந்தில் ஏறியவர்களிடமெல்லாம் கேட்டார். செங் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி உப்பு போடச் சொன்னார். புக்கிட் பாரு அம்மாள் ஒருத்தி கெத்தாப்பாங் என்கிற நாட்டுவாதுமை மரத்துச் சருகைப் போடச் சொன்னாள். குருபோங்கில் ஏறியவர் தினமும் தண்ணீர் மாற்றச் சொன்னார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தண்ணீரைத் தொடவே கூடாது என்றார். அப்பா யார் மனதையும் நோகடிக்கவில்லை. காலையில் உப்பு போட்டார், மாலையில் அந்தத் தண்ணீரையே கொட்டினார், சருகைப் போட்டார், எடுத்தார். சோறு மட்டும் தவறாமல் விழுந்தது.

நான்காம் சனிக்கிழமை மீன் எழுந்துவிட்டது. துடுப்பு விரிந்திருந்தது, தெம்பு வந்த மீன் கட்டும் நுரைக்கூடு மேலே மிதந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உப்பா, சருகா, படையல் சோறா? எதுவானாலும் பெருமாள் செயல் என்று கற்பூரம் ஏற்றினார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"ஏங்க, பத்து நாளா நாந்தான் புழு புடிச்சிப் போடறேன். வயித்துல ஒன்னு பசிக்குதுன்னு ஒதைக்குது, கண்ணு முன்னாடி இன்னொன்னு பட்டினி கெடக்குது. என்னால முடியல. சாமி கோவிச்சிக்கிட்டா என்மேல கோவிச்சிக்கட்டும்."

கற்பூரத் தட்டு சுடும்வரை அப்பா அப்படியே நின்றாராம். திட்டவில்லை. வேண்டுதல் உடைந்ததா, நிலைத்ததா என்று அவருக்கு விளங்கவில்லை. பூசாரியிடம் கேட்கக் கோயில் வாசல்வரை போனார். அவர் உடைந்தது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து திரும்பினார். தை மாதம்வரை அந்தப் பயம் அவரை விடவில்லை. அந்த மூன்று மாதமும் அம்மா இருமினால்கூடப் போத்தலைப் பார்ப்பாராம்.

தையில் நான் பிறந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பெருமாளைக் கும்பிட்ட அப்பா, கொஞ்சம் யோசித்துவிட்டுப் போத்தலையும் கும்பிட்டார்.

அடுத்த புரட்டாசியிலும் அதே வேண்டுதல்தான், ஒரு சொல் மாறவில்லை. ஆனால் தினமும் குளித்து முடித்ததும், "நான் கொஞ்சம் வெளிய நிக்கறேன்" என்று போத்தலைப் பார்த்தபடி அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போவார். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் ரோட்டைப் பார்ப்பார்.

பிறகு திரும்பாமலே கேட்பார்: "ஆச்சா?"