இடுப்பில் இல்லாத சாவி

அப்பாவுக்கு இப்போது என் பெயர் தெரியாது. நான் அவருடைய மூத்த மகள் என்பதும் தெரியாது. ஆனால் நான் அறைக்குள் நுழைந்தால் அவருடைய வலது கை தானாக இடுப்புக்குப் போகும். அங்கே ஒன்றுமில்லை. இருந்ததை எடுத்தவள் நான்தான்.

கண்டியில் எங்களுக்கு ஒரு புடவைக்கடை. நாற்பது வருடம் அதன் சாவிக்கொத்து அப்பாவின் பெல்ட்டில்தான் தொங்கியது. மறதி தொடங்கிய பிறகும் வீடு இருக்கும் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை விடியும் முன்பே தனியாகப் போய், கடையைத் திறந்து போட்டுவிட்டு, வாவிக்கரையில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பயமெல்லாம் மாலையில் கோபமாகத் திரும்பியது. என் கோபம் கடைத்தெருவுக்கே தெரியும்.

வீட்டில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "சாவியக் குடுங்கப்பா" என்றேன்.

"வெள்ளிக்கிழம வெளக்கு வச்ச பொறகு சாவியக் குடுக்குறதா? ஒனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?"

அவர் சொன்னது சரிதான். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடக் கொடுக்காத குடும்பம் நாங்கள். அவர் தூங்கிய பிறகு எடுத்திருக்கலாம். நான் பிடித்து இழுத்தேன். பழைய பெல்ட் அறுந்து சாவி என் கைக்கு வந்தது. அப்பா கதிரையில் சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

மறுநாள் அவருக்குச் சண்டையும் நினைவில்லை, சாவியும் நினைவில்லை. சில மாதங்களில் கடையே மறந்துபோனது. நல்லவேளை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடுகண்ணாவையிலிருந்து தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவள் பெயரும் அவருக்குத் தெரியாதுதான். ஆனால் அவளைக் கண்டால் முகம் மலர்ந்து பக்கத்தில் உட்காரச் சொல்வார். குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் நான், சிரிப்பு மட்டும் அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஞாயிறு நான் தேநீர் கொண்டுபோனபோது, அவளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளகிட்ட கவனமா இருங்க. எங்கிட்டருந்து என்னமோ புடுங்கிட்டா."

"என்னத்தப்பா புடுங்குனா?"

"அதுதான் தெரியல."

நடந்தது மறந்துபோகும், மனம் நொந்தது மறக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை வேறு யாருக்கோ சொல்வதுபோலத்தான் அப்போது கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போகுமுன் சாவிக்கொத்தைத் துடைத்து அவர் கையில் வைத்தேன். "ஒங்க சாவிப்பா. நான் புடுங்கினது தப்பு. மன்னிச்சிருங்க."

ஒவ்வொரு சாவியாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு மரியாதையாக என்னிடமே நீட்டினார்.

"இது என்னோடது இல்லீங்க. யாரோ மறந்துட்டுப் போயிருக்காங்க. பாவம், தேடுவாங்க. குடுத்துருங்க."

வாங்கிக்கொண்டேன். அவருடைய வலது கை இடுப்பைப் பொத்தியபடியே இருந்தது.