தீபாவளிக்கு அடித்த பெயிண்ட்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பழைய கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மசாலாத் தூளும் பூஜைச் சாமான்களும் விற்கிற கடை எங்களுடையது. ஒட்டினாற்போல் அடுத்த கடையின் மாடியில், ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர் தனியாக இருக்கிறார். மழை வந்தால் அவர் கூரை ஒழுகும். தையல் மெஷினை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு அலைவார், பாவம்.

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வெளிநாட்டிலிருந்து ஏதோ நிதி வந்தது. முதலில் எங்கள் வரிசையின் முகப்பை மட்டும் சீராக்க எடுத்தார்கள். சிமெண்டைக் கொத்தி எறிந்துவிட்டு, சுண்ணாம்பு பூசி, அந்தக் காலத்து நிறம் என்று ஒன்றை அடித்தார்கள். வேலையைப் பார்த்துக்கொண்ட ஆர்க்கிடெக்ட் நம்ம தமிழ்ப் பெண்தான். போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

"அக்கா, இது மேல பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்க. சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடணும், உள்ள ஈரம் வெளிய போகணும். தீபாவளி கழிச்சு நிதி குடுக்கிறவங்க வந்து பார்ப்பாங்க. எல்லாம் ஓகேன்னாதான் அடுத்து கூரைக்குக் காசு வரும். முதல் கூரை டெய்லர் அக்காவுக்குத்தான்."

"சுவரு மூச்சு விடுதாம், கேட்டீங்களா? இந்த லோரிப் புகையில நமக்கே மூச்சு விட முடியல" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தீபாவளி நெருங்கியது. எதிர்வரிசைக் கடைகள் பளபளவென்று நின்றன. எங்கள் முகப்பு மட்டும் சாயம் போன பாவாடை மாதிரி இருந்தது. கற்பூரம் வாங்க வந்தவள் ஒருத்தி, "என்னக்கா, இந்த வருஷம் தீபாவளி இல்லையா? வீட்ல யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு இது போதாதா?

"என்னங்க, பெயிண்ட் வாங்கிட்டு வாங்க."

"அந்தப் பொண்ணு வேணாம்னுச்சே?"

"அது சின்னப் பொண்ணு லா. வெள்ளைக்காரங்களுக்குக் கலர்னா உயிரு. பார்த்தா சந்தோஷப்படுவாங்க."

சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். சுவருக்கு மாம்பழ மஞ்சள், ஜன்னல் வளைவுகளுக்குப் பச்சை. மிச்சமிருந்த பெயிண்டை டெய்லர் அக்கா பக்கத்துக்கும் அடிக்கச் சொன்னேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. என்ன ஒரு தாராள மனசு எனக்கு! தெருவே பாராட்டியது. நானும் மிதப்பில் திரிந்தேன்.

தீபாவளி முடிந்து நிதிக்காரர்கள் பார்வைக்கு வந்தார்கள். நான் முறுக்குத் தட்டோடு வாசலில் நின்றேன். அவர்களில் ஒரு வெளிநாட்டு அம்மா அண்ணாந்து பார்த்தார். சுவரில் கை வைத்தார். விடாமல் பெய்த மழையில் பெயிண்ட் அதற்குள் கொப்புளித்திருந்தது. அவர் கை பட்டதும் ஒரு பொருக்கு கழன்று, புதுச் சுண்ணாம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. ஆர்க்கிடெக்ட் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று சொன்னேன். அந்த அம்மா கோபித்திருந்தால்கூடத் தேவலை. சிரித்த முகமாக ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார். ஐயோ, முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றே தெரியவில்லை.

பிறகு அந்தப் பெண் போன் செய்தாள். "கூரைக் காசு வேற ஊருக்குப் போயிடுச்சு, அக்கா." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாடிக்குப் போய் டெய்லர் அக்காவிடம் சொன்னேன். "எல்லாம் என்னாலதான் அக்கா. பெரிய தப்புப் பண்ணிட்டேன்." அவர் ஊசியில் நூல் கோர்த்தபடியே, "சரி விடும்மா, நல்ல நாளுக்குத்தானே அடிச்ச" என்றார். நாலு வார்த்தை கேட்டுவிட மாட்டாரா என்று நின்றேன். அவர் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே கடைக்கு இறங்கி வந்தார். ஏதோ கேட்கத் தயங்கினார்.

"பின்னால அந்தப் பெயிண்ட் வாளிங்க சும்மாதானே கிடக்குது? வேணாம்னா குடும்மா. மேல ஒழுகுற தண்ணிய பிடிக்கணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேசவே தெரியாது. மஞ்சள் ஒட்டியிருந்த வாளிகளைக் கழுவி நானே மேலே கொண்டுபோய் வைத்தேன். பலகைத் தரையும் மெல்லிய சுவரும் உள்ள கட்டடம். மழை பெய்தால் வாளியில் சொட்டுவது எங்கள் கல்லாப்பெட்டி வரைக்கும் கேட்கிறது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறேன்.