சிறு விரல்களுக்குக் காத்திருந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செங்கமலம்மாவின் தம்பி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "அக்கா போயிட்டா" என்றார். விஷ ஜுரம் இறங்கிவிட்டது என்று முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்பி நாங்கள் சற்று நிம்மதியாகச் சாப்பிட்டிருந்தோம்.

செங்கமலம்மாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலுக்கோட்டைக் குடும்பம். இளமையிலேயே கணவரை இழந்தவர். தகப்பனார் ஊர்ப்பேச்சைப் பொருட்படுத்தாமல் சென்னைக்கு அனுப்பி ஆசிரியைப் பயிற்சி முடிக்க வைத்தார். மைசூர் மண்டி மொஹல்லாவின் ஒரு சந்தில் சிறு குழந்தைகளுக்கான எங்கள் சிசு விஹாரப் பள்ளி தொடங்கியபோது முதல் ஆசிரியையாக வந்தவர் அவரே. பாட்டுச் சொல்லிக்கொடுக்க நான் பிறகு சேர்ந்தேன்.

என் மகள் ருக்குவுக்கு அப்போது நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் கொடுத்த தம்ளர் நழுவிவிடும். பொரியை விரலால் எடுக்க வராது. உள்ளங்கையால் வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். எலும்பில் குறையில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பொறுப்பதுதான் முடியவில்லை. தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. விஜயதசமியன்று முதல் எழுத்து எழுதவைக்கும் அக்ஷராப்பியாசம் செய்தே தீர வேண்டும் என்று என் கணவர் உறுதியாக இருந்தார். அவருடைய அண்ணன் மகன், இவளைவிட இளையவன், பலப்பம் பிடித்துச் சிலேட்டு நிறைய எழுதினான்.

செங்கமலம்மா ருக்குவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார். "இப்போ எழுத்து வேண்டாம். கை இன்னும் தயாராகலை. பலப்பத்தைத் திணிச்சா எழுத்தையே வெறுத்துடுவா" என்றார். பிறகாவது சரியாகிவிடுமா என்று கேட்டேன். "தெரியலைம்மா. பார்க்கலாம்" என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அந்தப் பதிலோடு நான் பட்ட தவிப்பு கொஞ்சமல்ல.

அந்த விஜயதசமிக்கு எழுத்தில்லை; செங்கமலம்மா சொன்னபடி பள்ளியில் ருக்கு ராகி மாவைப் பிசைந்தாள். ஈரத்துணியைப் பிழிந்தாள். பழைய காகிதங்களைக் கிழித்தாள். குளிர்காலம் வந்ததும் ஊறவைத்த அவரைக்கொட்டை வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பருப்பு தோலை விட்டுத் துள்ளி வரும். மைசூர் வீடுகளில் குழம்புக்காகப் பெண்கள் செய்யும் வேலை எங்கள் பள்ளியில் விளையாட்டானது. மற்றவர்களின் பருப்பு கூடமெங்கும் தெறிக்கும். ருக்குவின் விரல்களில் கொட்டை வழுக்கிக்கொண்டே போகும். "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் நிதானப்படுத்தியபடி செங்கமலம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் பாட்டு வகுப்பின் நடுவே அவர் என்னைக் கூப்பிட்டார். ருக்கு ஒரு பருப்பை எடுத்து மூக்குக்குள் தள்ளிவிட்டிருந்தாள். ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தையின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விடும்படி செங்கமலம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டர் வளைந்த கம்பியால் பருப்பை வெளியே எடுக்கும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பள்ளி நிர்வாகிகள் விதைகளையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். செங்கமலம்மாவை வேலையில் வைத்திருப்பதா என்றுகூடப் பேச்சு எழுந்தது. இனிக் குழந்தையை அனுப்பப் போவதில்லை என்றார் என் கணவர். மறுநாள் மாலை செங்கமலம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயை விரித்தும் உட்காரவில்லை.

"தப்பு என்னோடது. இன்னொரு குழந்தையைப் பார்க்கத் திரும்பிட்டேன். சமாதானம் சொல்ல வரலை" என்றார். "ஆனா ஒண்ணு கவனிச்சேளா? அதை அவ ரெண்டு விரலால எடுத்திருக்கா" என்றார்.

அது எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை. என் கணவர் வெகுநேரம் ருக்குவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி நான் வந்து அவ பக்கத்திலே உட்கார்ந்துக்கறேன்" என்றார்.

அப்படியே செய்தார். அதைப் பார்த்து வேறு சில பெற்றோரும் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். நிர்வாகிகளும் செங்கமலம்மாவை விலக்கும் பேச்சை விட்டுவிட்டார்கள். ஆனால் அவருடைய பயம் போகவில்லை. வீட்டுக்கு அனுப்பும்முன் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் மூக்கையும் காதையும் பார்ப்பார். குழந்தைகள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இவ்வளவு பயந்துகொண்டு இந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "பயம் நமக்கு இருக்கட்டும். அதுக்காகக் குழந்தைகள் கையைக் கட்டிடக் கூடாது" என்றார்.

ருக்கு அடுத்த விஜயதசமிக்கும் எழுதவில்லை. அதற்கடுத்த வருஷம்தான் எழுதினாள். இன்று ஹைஸ்கூலில் படிக்கிறாள். கோணல் கையெழுத்துதான், ஆனால் பின்னலை அவளே போட்டுக்கொள்கிறாள்.

செவ்வாயன்று எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணைத் தாயார் துக்க வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். செங்கமலம்மாவின் காலடியில் துளசி வைக்க வேண்டும் என்று அது பிடிவாதம் பிடித்தது. கொடுத்த கொத்திலிருந்து ஓர் இலை கிள்ள வரவில்லை. பிடிக்கும் போதெல்லாம் காம்பு வளைந்து நழுவியது. ராகுகாலம் நெருங்குகிறது என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். தாயார் கிள்ளிக் கொடுக்கக் கை நீட்டினார். வேண்டாம் என்று நான் தடுத்தேன். தூக்க வந்தவர்கள் நின்றார்கள். வீடே நின்றது. ஒருவழியாக ஓர் இலை, பாதி கிழிந்து, அந்த விரல்களில் வந்தது. குழந்தை அதை அவர் பாதத்தில் வைத்துவிட்டு நகர்ந்தது.

அதற்குப் பிறகே தூக்கினார்கள். நிதானமாகப் போய் வாருங்கள், அக்கா.