லெவல் என்ற சொல்லுக்கு இரண்டு திசை

ஐயம் எழுந்தால் நடுவர் சொல்வதே முடிவு. அதன் பிறகு விவாதம் கிடையாது. விதி இதுதான். விதிப்புத்தகத்தின் தொடக்கத்திலேயே, எவரும் தவறவிட முடியாத இடத்தில், இதை அச்சிட்டிருக்கிறார்கள். நடுவர் நான். ஆகவே அந்தச் சனிக்கிழமை விவாதமே நடந்திருக்கக் கூடாது.

வட இங்கிலாந்தில் என் மகள் வசந்தா நர்ஸாக இருக்கும் ஊரில், நூலகத்தின் மாடியறையில், சம்பளம் வாங்கும் வயதுவந்த மனிதர்கள் சனிக்கிழமை மதியங்களில் கூடி, இருபது முகம் கொண்ட பகடையை உருட்டிப் பூதங்களைக் கொல்வார்கள். கொல்வதற்கு முன் என்னிடம் அனுமதி கேட்பார்கள். எழுபதுகளின் கடைசியில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த விளையாட்டு அது. ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி என்று வேடம் பூண்டு, காகிதத்தில் வரைந்த பாதாளக் குகைக்குள் இறங்க வேண்டும். கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் டைம் ஆபீஸில், யார் எந்த ஷிஃப்ட், யார் எந்த கேங் என்று வேலை பிரித்துக் கொடுத்தே ஓய்வுபெற்ற ரைட்டர் நான். வீட்டில் மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் ஹீட்டரின் சத்தம் மட்டும் துணை. நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனேன். அங்கே வேலை பார்க்கும் மார்கரெட், நான் விதிமுறைகளை வரிவரியாகப் படிக்கிற மனிதன் என்பதைக் கண்டுகொண்டு, நடுவராக இருக்க மாடிக்கு அழைத்துப்போனாள். இந்த நாட்டில் என்னை எதிர்பார்த்து ஒரு நாற்காலி காத்திருந்தது அங்கே மட்டும்தான்.

முதல் நாளே பிசகு. காலின் என்ற இளைஞன், மந்திரவாதி வேடக்காரன், நெஞ்சை நிமிர்த்தி, "நான் எட்டாம் லெவல்" என்றான். "பரவாயில்லை தம்பி, வயது இருக்கிறது, போகப்போக இறங்கலாம்" என்று ஆறுதல் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. தங்கவயலில் லெவல் என்றால் ஆழம். எட்டாம் லெவல் என்பது எங்களுக்கு ஏறக்குறைய வீட்டு வாசல். நூறைத் தொட்ட லெவல்களில் வேலை செய்தவர்களைத்தான் ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்போம். இவர்களுக்கோ லெவல் என்றால் பலம். ஒவ்வொரு லெவலுக்கும் வீரம் கூடும், உயிர் கூடும். அதோடு நிறுத்தினார்களா? குகையின் தளத்துக்கும் லெவல், மந்திரத்தின் தரத்துக்கும் லெவல். எங்கள் ஆபீஸில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் நம்பர் போட்டாவது பிரிப்போம்.

பிறகுதான் சமநிலைப் பிரச்சினை வந்தது. வாள்வீரனாக ஆடிய மார்கரெட், தன்னால் எதுவும் செய்ய முடிவதில்லை என்றாள். உண்மைதான். ஆரம்பத்தில் ஒரு கீறலுக்குச் செத்துப்போகும் மந்திரவாதி, பின்னால் ஒரே உச்சரிப்பில் அறை முழுவதையும் கொளுத்துகிறான். வாள்வீரன் அவன் அங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எந்தச் சக்தி பெரிது என்று நான் அளக்கவில்லை. ஒரு சண்டை முடியும்வரை யார் பகடையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தீர்ப்பு சொன்னேன்: குகையில் ஒவ்வொரு தளம் இறங்கும்போதும் எல்லோருக்கும் பலம் ஒரு புள்ளி குறையும்; மந்திரவாதிக்கு இரண்டு, ஏனென்றால் மந்திரம் சொல்ல மூச்சு வேண்டும்.

இதைச் சொன்னபோது என் மனத்தில் இருந்தவர் ரத்தினம். ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர், ஆழ லெவலில் கூரை சரியாமல் மரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை. ஒருநாள் பகல் ஷிஃப்ட் முடிந்து, கீழேயிருந்து மணியடித்தால் ஆளை மேலே ஏற்றிவரும் கூண்டான கேஜிலிருந்து வெளியே வந்தவர், டைம் ஆபீஸ் மேட்டை ஏற முடியாமல் பாதியில் நின்றார்.

"இன்னா ரத்தினம், இந்த மேட்டுக்கே மூச்சு வாங்குது?"

"மேல காத்து ஜாஸ்தி ரைட்டரே. எதை இழுக்கறது எதை உடறதுன்னு தெரியல."

"சாயா சாப்பிட்டுப் போலாம் வாங்க."

"வாங்கிக் குடுக்கறது யாரு? உங்க கை பாக்கெட்டுக்குள்ள போவறதுக்கு எத்தினி பேர் கையெழுத்து போடணும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாயா வாங்கியும் கொடுத்தேன்.

காலின் என் தீர்ப்பை ஏற்கவில்லை. "நீங்கள் எப்போதாவது சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறீர்களா, சார்?" என்று கேட்டான். விதிப்படி அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆனால் பொய் சொல்லவும் விதியில் இடமில்லை. டைம் ஆபீஸ் தரைக்கு மேலே இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். இறங்கினவர் ஒருவரைக் கேட்டு எழுதுகிறேன், பதில் வரும்வரை இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று நானே ஒத்திவைத்தேன். எங்கள் ஆபீஸில் அதுதான் வழக்கம். அவர்களுடைய வீரர்கள் மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் நடுவே, படிக்கட்டில் நின்றுவிட்டார்கள்.

இந்தப் பகடை ஆட்டத்தை விவரித்து ரத்தினத்துக்கு ஏரோகிராமில் எழுதினேன்: லெவல் இறங்க இறங்க மனிதனுக்குப் பலம் கூடுமா, குறையுமா? பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. காலின் வருவதை நிறுத்தினான். நான் மட்டும் போனேன். மார்கரெட் கவுன்டரிலிருந்தே, "உங்கள் தங்கச் சுரங்கத்திலிருந்து ஏதாவது பதில்?" என்று உரக்கக் கேட்பாள். வரிசையில் நின்றவர்கள் சட்டென்று எனக்கு வழிவிடுவார்கள். அவர்கள் நினைத்துக்கொண்ட சுரங்க முதலாளி பழைய ஸ்வெட்டரோடு பஸ்ஸில் திரும்பிப் போவான். வசந்தா ஒருநாள், "அப்பா, விளையாட்டுதானே, அந்தப் பையன் சொன்னதை ஒத்துக்கிட்டாதான் என்ன?" என்றாள். ஒத்துக்கொண்டிருந்தால் நாற்காலி மிஞ்சியிருக்கும். ஆனால் ரத்தினம் அந்த மேட்டில் நின்றதை நான் பார்த்திருக்கிறேனே.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. காலினுக்குச் சொல்லி அனுப்பினாள் மார்கரெட், வந்துவிட்டான். குகைப் படத்தை விரித்து, தங்கள் வீரர்களுக்கான சின்னப் பொம்மைகளைப் பழைய படிக்கட்டில் நிறுத்தினார்கள். நான் தமிழில் ஒருமுறை படித்துவிட்டு மொழிபெயர்த்தேன்.

"ரைட்டரே, நல்லா கீறீங்களா? லெவலப் பத்திக் கேட்டிருந்தீங்க. பகடை உருட்டறதுக்கா அம்மாந்தூரம் போனீங்க? அத்த வுடுங்க. நீங்க இப்ப எந்த லெவல்ல கீறீங்க? மேல எப்ப வருவீங்க? மணி அடிங்க, கேஜு அனுப்பறோம்."

கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. ஆபீஸாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.  காலின், "உங்கள் பொம்மை எங்கே?" என்று கேட்டான். நடுவருக்குப் பொம்மை கிடையாது என்றேன். அவன் தன் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த பித்தான் ஒன்றைப் பிய்த்து என் கையில் வைத்து, "எந்தத் தளம், சார்?" என்றான்.

படிக்கட்டில் வைத்தேன். பித்தான் அகலமானது, பாதி மேல்படியில், பாதி கீழ்ப்படியில் இருந்தது. யாரும் நகர்த்தவில்லை. ஆபீஸ் பழக்கதோஷத்தில், கடிதத்தின் மூலையில் பென்சிலால் எழுதினேன்: பதில் கிடைத்த நாள், மார்ச் பதினான்கு.