தேனில் குழைத்த டிரமடால்

வலி மாத்திரை உள்ளே போனதும் வலிக்கிற இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும் என்றுதான் ஐம்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். மெதுவாக வேலை செய்கிற மாத்திரை சோம்பேறி மாத்திரை என்பதும் என் கண்டுபிடிப்பே.

பூதப்பாண்டி வயல் வரப்பில் வழுக்கி விழுந்ததில் இரண்டு விலா எலும்புகளில் கீறல். டாக்டர் டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, முழுதாக விழுங்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் எந்த மாத்திரையும் முழுதாகத் தொண்டை இறங்கியதில்லை. கல்லில் உரசி, அருமனை ரப்பர் தோட்டத்துத் தேனில் குழைத்து நக்குவதுதான் வழக்கம். காலை எட்டு மணிக்கு நக்கினேன். டாக்டரை விடச் சாமர்த்தியசாலி என்ற திருப்தி வேறு.

எட்டே முக்காலுக்கு வீடு சுற்றியது. மூக்கு அரித்தது. போனில் தேடிப் பார்த்தேன். அபின் இனத்துச் செயற்கை மருந்து, அளவு மீறினால் மூச்சை நிறுத்தும் என்றிருந்தது. உடனே மூச்சை எண்ண ஆரம்பித்தேன். எண்ண எண்ண அது கூச்சப்பட்டு நின்று நின்று வந்தது.

“ஏட்டி, எனக்க கல்லறைக்கு மயிலாடிக் கல்லு போதும். பளபளன்னு ஒண்ணும் வேண்டாம்.”

“மொதல்ல மூச்ச விடுங்க. கல்லப் பொறவு பாக்கலாம்” என்ற மனைவி, நர்ஸாக இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அத்தான், உரசியா தின்னீங்க? பன்னெண்டு மணி நேரம் கொஞ்சங் கொஞ்சமா கரையதுக்குச் செஞ்சதுல்லா அது! இப்போ மொத்தமும் ஒண்ணா எறங்கியிருக்கும்.”

“வெலாவுக்குத்தானே போவும்?”

“வெலாவுக்கா? ஈரலுக்குப் போயி, அங்க இன்னும் வீரியமா மாறி, மூளைக்குல்லா போவும்! வலிச் சேதிய அங்கதான் அமத்தும். கூடிப்போனா மூச்சையும் அமத்தும். அக்கா, இவர ஒறங்க விடாம ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா.”

ஆட்டோவில் மனைவி என் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

“ஒறங்குறீங்களா?”

“இல்லட்டி, ஜெபிக்கேன்.”

“கண்ணத் தொறந்து ஜெபியுங்க.”

அவள் குரல் நடுங்கியது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டி மறுநாள் காலை வரை படுக்க வைத்தார்கள். மூன்று முறை வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் விலா வலித்தது. மூச்சு ஒரு தடவைகூடக் குறையவில்லை.